சாணம் சுமந்த பிரம்புக் கூடை

தாமரைக் குளத்தின் மேற்குக் கரையில் ஒரு முயலும், ஓர் ஆமையும், ஒரு தூக்கணாங்குருவியும், ஒரு முள்ளம்பன்றியும் பக்கத்துப் பக்கத்தில் தோட்டம் போட்டிருந்தன. நான்கு பேருக்கும் இரண்டு பைத்தியங்கள். ஒன்று செடி வளர்ப்பது. இன்னொன்று, கையால் எதையாவது செய்துகொண்டே இருப்பது!

முயலின் பெயர் துள்ளி. அவள் நார்க்கயிறு திரிப்பாள். ஆமை ஓடையன் களிமண்ணில் தட்டுகள் செய்வான். குருவி இழையாள் கொடிகள் ஏறுவதற்குப் புல்லில் வலை பின்னுவாள். முள்ளம்பன்றி கூரன் மரத்திலும் பிரம்பிலும் வேலை செய்வான். நால்வரிலும் அவன் வேலைதான் நேர்த்தி. அது அவனுக்கும் நன்றாகத் தெரியும்!

மாதம் ஒருமுறை நாவல் மரத்தடியில் கூடுவார்கள். செய்ததைத் தேக்கிலையில் சுற்றி வைப்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு ஆளுக்கொன்று எடுப்பார்கள். எது வந்தாலும் அது எடுத்தவருக்கே சொந்தம்.

அந்த மாதம் துள்ளியின் கையில் கூரனின் பொட்டலம் வந்தது. இலையைப் பிரித்தாள். உள்ளே ஒரு பிரம்புக் கூடை! நாவல் பழச் சாற்றில் ஊறவைத்த ஊதாப் பிரம்பும் வெள்ளைப் பிரம்பும் மாறி மாறி ஓடின.

"அய்யோ! எனக்கா? எனக்கேவா?" என்று துள்ளி மூன்று முறை குதித்தாள்.

"இருபத்தைந்து நாள் வேலை!" என்றான் கூரன்.

அன்றே இன்னொன்றும் நடந்தது. போன வருஷம் காட்டுப்பன்றிகள் எல்லாத் தோட்டத்தையும் உழுது போட்டிருந்தன. வரிப்புடலை அடியோடு போய்விட்டது. ஓடையனிடம் மட்டும் ஒரே ஒரு விதை மிச்சம் இருந்தது. அதை அவன் துள்ளியிடம் நீட்டினான்.

"நீ கைராசிக்காரி. நீயே போடு. காய்ச்சா எல்லாருக்கும் விதை!"

துள்ளிக்கு உடனே ஒரு யோசனை தோன்றியது. தரையில் போட்டால் பன்றி விடாது. வலையில் மண் நிற்காது. மண் தட்டைத் தொங்கவிட்டால் கனம் தாங்காமல் கிளை முறியும். ஆனால் கூடை? கூடை லேசானது! உள்ளே செம்மண்ணும் சாண எருவும் நிரப்பினாள். விதையை ஊன்றினாள். தான் திரித்த கயிற்றில் கட்டித் தோட்டத்து மரக்கிளையில் தொங்கவிட்டாள். ஆறாம் நாள் முளை எட்டிப் பார்த்தது!

பத்தாம் நாள் கூரன் வந்தான். தன் கூடையை எந்த இடத்தில் அலங்காரமாக வைத்திருக்கிறாள் என்று பார்க்கத்தான் வந்தான். அண்ணாந்து பார்த்தவனுக்கு முள்ளெல்லாம் நட்டுக்கொண்டது.

"என் கூடையில சாணியா!"

"சாணி இல்லண்ணே, எரு! பாரு, புடலை ரெண்டு இலை விட்டிருக்கு!"

"இது பார்த்து ரசிக்கிறதுக்குப் பண்ணது! இப்படி ஊறினா ஒரு வருஷத்துல அடி இத்துப் போகும்!"

"ஆனா நீ எனக்குக் குடுத்துட்டியே அண்ணே?"

"குடுத்தேன். நாசம் பண்ணவா குடுத்தேன்?"

கூரன் அடிமரத்தில் முடிந்திருந்த கயிற்றைக் கடித்து அறுத்தான். கீழே வந்த கூடையைக் கவிழ்த்து உதறினான். விழுந்த மண்கட்டியைத் துள்ளி பாய்ந்து இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டாள். அவள் நிமிர்வதற்குள் அவன் கூடையோடு போய்விட்டான். அவள் அழுதுகொண்டே செடியைத் தரையில் நட்டுச் சுற்றிலும் முள் வேலி போட்டாள்.

மறுநாள் காலை, நடந்ததைக் கேள்விப்பட்டு ஓடையன் கூரனின் வளைக்கு வந்தான்.

"இந்தாப்பா, முன்ன ஒரு மாசம் உன் பொட்டலத்துல எனக்கு வந்த மரக்கரண்டி. மண் அள்ளிட்டிருந்தேன். நல்லா கழுவிட்டேன்."

இழையாளும் வந்தாள். "இது உன் கொக்கி. அவரைக்கொடியை இழுத்துக் கட்ட வச்சிருந்தேன். கீறல் ஏதும் விழலைன்னு நினைக்கிறேன்."

"நான் ஒண்ணும் திருப்பிக் கேக்கலையே!" என்றான் கூரன்.

"கேக்கலை. ஆனா இனிமே தொடவே பயமா இருக்கு," என்றாள் இழையாள். சொல்லிவிட்டுப் பறந்து போனாள்.

கூரன் கரண்டியையும் கொக்கியையும் கூடையையும் வரிசையாக அடுக்கினான். தூசி தட்டினான். அழகாகத்தான் இருந்தன! ஆனால் பார்க்க யாரும் வரவில்லை. ஒரு வாரம் கழித்து அவனே பார்ப்பதை நிறுத்திவிட்டான்.

அடுத்த கைவேலை நாள் வந்தது. கூரன் புதிதாக ஒரு பிரம்புத் தட்டு பின்னிக் கொண்டுவந்தான். நான்கு பொட்டலங்கள் இருந்தன. எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். முதலில் ஓடையன் கையை நீட்டினான். மூக்கில் பிரம்பு வாசனை பட்டதும் கையைப் பின்னால் இழுத்துப் பக்கத்தில் இருந்ததை எடுத்தான். இழையாளும் அப்படியே. துள்ளி ஒரு பொட்டலத்தைத் தொட்டாள். முகர்ந்தாள். நெருப்பைத் தொட்டவள் போல விட்டுவிட்டாள்!

கடைசியில் மிஞ்சியது கூரனின் பொட்டலம்தான். அவன் செய்தது அவனுக்கே வந்தது.

அந்த நேரத்தில் ஓடையன் ஒரு பழைய வலையைத் தூக்கிக் காட்டினான். ஏழு இடத்தில் ஒட்டு. ஓரமெல்லாம் பிய்ந்திருந்தது. "இழை! உன் வலை மறுபடி கிழிஞ்சிடுச்சு!"

"கிழிஞ்சிடுச்சா? காட்டு, காட்டு!" என்று இழையாள் சிறகடித்துக்கொண்டு ஓடி வந்தாள். "அடேயப்பா! எத்தனை கொடி ஏறுச்சு?"

"மூணு தடவை அவரை! ஒரு தடவை பீர்க்கு!"

"பீர்க்குமா! அவ்வளவு கனத்தைத் தாங்குச்சா என் வலை?" இழையாளுக்குச் சந்தோஷத்தில் குரல் கீச்சிட்டது.

கூரன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். தன் வேலை கிழிந்ததற்கா இப்படிக் குதிக்கிறாள்? தன் மடியில் கிடந்த புத்தம்புதுத் தட்டைப் பார்த்தான். அதில் ஒரு கீறல்கூட இல்லை.

அப்போதுதான் துள்ளி அலறினாள்.

"பன்றி! என் தோட்டத்துல பன்றி!"

எல்லோரும் ஓடினார்கள். நான்கு காட்டுப்பன்றிகள் முள் வேலியை மிதித்துத் தள்ளிக்கொண்டிருந்தன. துள்ளி அவற்றின் கால்களுக்கு நடுவே புகுந்து, புடலைச் செடியை வேர் மண்ணோடு வாயில் கவ்விக்கொண்டு வெளியே பாய்ந்தாள்! பெரிய பன்றி அவளைத் துரத்தியது. கூரன் குறுக்கே போய் நின்றான். முள்ளை விரித்துப் படபடவென்று உதறினான்.

"வாடா பார்க்கலாம்!"

பன்றியின் மூக்கில் இரண்டு முட்கள் ஏறின. அது வீல் என்று கத்தியது. "இப்போ போறோம்! சாயங்காலம் வருவோம்!" என்று உறுமிக்கொண்டு நான்கும் காட்டுக்குள் ஓடின.

செடியில் ஒரே ஒரு இலைதான் மிச்சம். அதுவும் துவண்டு கிடந்தது.

"இனி பிழைக்காது," என்றாள் துள்ளி.

கூரன் தன் வளைக்கு ஓடினான். ஊதாக் கூடையோடு திரும்பி வந்தான். எருக்குழியில் இறங்கித் தன் கையாலேயே சாண எருவை அள்ளி அள்ளிக் கூடையில் நிரப்பினான்.

"அண்ணே! உன் கூடை!" என்று கத்தினாள் துள்ளி.

"உன் கூடை!" என்றான் கூரன். "தண்ணி தேங்கினா வேர் அழுகிடும், இரு!" இருபத்தைந்து நாள் நெருக்கி நெருக்கிப் பின்னிய கூடையின் அடியில் பல்லை வைத்துக் கடித்து ஓர் ஓட்டை போட்டான். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "அன்னைக்கு நான் பண்ணது தப்பு, துள்ளி. மன்னிச்சிடு," என்றான்.

துள்ளி அழுகையும் சிரிப்புமாகச் செடியை நட்டாள். ஓடையன் தட்டில் தண்ணீர் கொண்டுவந்தான். இழையாள் கயிற்றைக் கிளையில் மாட்டினாள். சாயங்காலம் பன்றிகள் வந்தன. அண்ணாந்து பார்த்துவிட்டுப் போய்விட்டன!

நான்காம் நாள் புது இலை வந்தது. பிறகு கொடி கிளையெல்லாம் படர்ந்தது. நூல் நூலாக வெள்ளைப் பூ பூத்தது. பச்சையும் வெள்ளையுமாக வரி போட்ட புடலங்காய்கள் கூரனைவிட நீளமாகத் தொங்கின. முதல் காய் பழுத்து வெடித்தபோது உள்ளே ஐம்பத்திரண்டு விதைகள்! நால்வரும் ஆளுக்குப் பதின்மூன்றாகப் பங்கிட்டுக்கொண்டார்கள்.

மழைக்காலம் முடிந்த ஒரு காலையில் கூரன் குளக்கரை முழுக்கக் கேட்கும்படி கத்திக்கொண்டு ஓடி வந்தான்.

"எல்லாரும் வாங்க! கூடையோட அடி இத்துப் போச்சு! வேர் வெளியே தொங்குது! சீக்கிரம் வந்து பாருங்க!"

இழையாள் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

"துள்ளி, அடுத்த கூடை எவ்வளவு பெரிசா வேணும்? சொல்லு, இன்னைக்கே பிரம்பை ஊறப் போடறேன்!"

பிறருக்குக் கொடுத்த பொருள் அவர்கள் கையில் உழைத்துத் தேய்வதைப் பார்த்து மகிழ்கிறவரே அதை உண்மையாகக் கொடுத்தவர் ஆவார்.