விழாத எலுமிச்சம்பழம்

"இந்தக் குதிரைக்குத் தலையில ஏதோ கோளாறு" என்றான் கொழுந்தப்பன்.

பாத்துமுத்து நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கொள்ளு புடைத்துக்கொண்டிருந்தாள்.

"குதிரைக்கா?"

"பின்னே, எனக்கா?"

அவள் முறத்தை ஒரு தட்டுத் தட்டினாள்.

கொழுந்தப்பன் சாதாரண ஆள் இல்லை. ஆலங்கரைப் பாளையத்துக் குதிரைப்படைக்குத் தளபதி. ஐம்பதைத் தாண்டியும் முதுகு வளையாத மனுஷன். பாத்துமுத்து அவனுக்கு மகள் மாதிரி வயசு. குதிரை வியாபாரம் செய்யும் ராவுத்தர் வீட்டுப் பெண். கப்பலை விட்டு இறங்கி மிரண்டு நிற்கும் குதிரைகளை மனுஷரோடு பழக்குவதில் தனக்கு நிகர் யாரும் கிடையாது என்று அவளே சொல்லுவாள். கேட்காதவர்களிடமும் சொல்லுவாள். அடக்கம் என்பது அவள் பக்கமே வந்ததில்லை.

இந்த இரண்டு பேரும் எதிரெதிரே நின்றால் எப்படி இருக்கும், பாருங்கள்.

"தாழம்பூன்னு பேராம்" என்றான் கொழுந்தப்பன், தான் பிடித்து வந்த பெட்டைக் குதிரையைக் காட்டி. "நம்ம பாளையக்கார மகாராஜா ஆசையா வாங்கினது. விஜயதசமிக்கு அம்பு போடப் போறப்போ, முன்னால இதுலதான் போகணும்னு எனக்கு உத்தரவு. நான் ஏறினா தலையை உதறுது. முன்னால போகாம பின்பக்கமா நடக்குது. ஊரே சிரிக்குது."

"ஏறிக் காட்டுங்க."

கொழுந்தப்பன் இடுப்பிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்தான். சேணத்தில் ஏறி, கடிவாள வாரை இடக்கையில் பிடித்து, அந்தக் கையின் மேல் பழத்தை வைத்தான்.

"அது எதுக்கு?"

"எதுக்கா!" அவனுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. "ஆலங்கரையில பழம் இல்லாம யாரும் வாரைத் தொடமாட்டோம்மா. கை அசையாதவன்தான் வீரன். மீசை முளைச்ச நாள்ல இருந்து என் பழம் விழுந்தது இல்லை."

சொன்னது பொய்யில்லை. அந்த ஊர் வழக்கம் அது. விஜயதசமி ஊர்வலத்தில் முன்னே போகிறவன் கையில் பாளையக்காரரே பழத்தை வைப்பார். திடலில் இருக்கும் வன்னிமரம் வரைக்கும் அது விழக்கூடாது. விழுந்தால் அவன் வரிசையில் கடைசிக்குப் போக வேண்டும். முதல் இடம் அடுத்தவனுக்குப் போய்விடும். போனது போனதுதான், திரும்பி வராது. கொழுந்தப்பனுக்கு அடுத்து நின்றவன் அவன் தங்கை மகன் பொன்னுக்காளை. நல்ல பிள்ளைதான். ஆனால் மாமன் எப்போது விழுவான் என்று காத்திருந்தான்.

கொழுந்தப்பன் குதிரையைத் தட்டினான். தாழம்பூ நாலடி நடந்தது. தலையை உதறியது. வாயில் நுரை தள்ளியது. மறுபடி நடந்தது, மறுபடி உதறியது. சேணத்தில் அவன் உடம்பு அங்கும் இங்கும் ஆடியது. பழம் மட்டும் ஆணி அடித்தாற்போல் இருந்தது.

"பார்த்தியா?" என்றான் பெருமையாக. "என் மேல ஏதாவது குற்றம் உண்டா?"

பாத்துமுத்து பழத்தைப் பார்க்கவே இல்லை. குதிரையின் உதட்டை விலக்கிப் பார்த்தாள். கடைவாயோரம் புண்ணாகிச் சிவந்திருந்தது. அவள் முகம் கடுகடுத்தது.

"இறங்குங்க" என்றாள்.

கடிவாளத்தைக் கழற்றினாள். தண்ணீரில் அலசித் துடைத்து அவனிடம் நீட்டினாள்.

"வாயில வைங்க."

"யார் வாயில?"

"இங்க வேற யாரு இருக்கா?"

கொழுந்தப்பன் கை வாள்பிடிக்குப் போய்விட்டது. "நான் யார் தெரியுமா?"

"தெரியுமே. குதிரை நடக்காம என்கிட்ட வந்தவர்."

அவன் விருட்டென்று குதிரையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டான். மறுநாள் காலையில் திரும்பி வந்து நின்றான். இடையில் என்ன நடந்தது என்று அவனும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. லாயத்தில் பொன்னுக்காளை தாழம்பூவுக்குப் புல் போட்டு, அதைத் தட்டிக் கொடுத்துக்கொண்டிருந்ததை அவன் பார்த்தான் என்று மட்டும் நமக்குத் தெரியும்.

"குடு" என்றான்.

அவள் அவன் முதுகில் ஒரு கொள்ளு மூட்டையை ஏற்றினாள். கடிவாள இரும்பை அவன் பல்லில் கடிக்கக் கொடுத்தாள். வாரின் இரண்டு முனையையும் தன் கையில் பிடித்துக்கொண்டு, கையை நெஞ்சோடு ஒட்டி வைத்தாள். அதன் மேல் அவனுடைய பழத்தையே வைத்துக்கொண்டாள்.

"கண்மாய்க் கரை மேல ஏறுங்க. நான் பின்னாலேயே வர்றேன்."

மூட்டையோடு மேடு ஏறுகிறவன் தலை சும்மா இருக்குமா? ஒவ்வோர் அடிக்கும் முன்னே போகும், பின்னே வரும். ஒவ்வொரு தடவையும் இரும்பு பல்லில் இடித்தது. கொழுந்தப்பனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தலையை ஓர் உதறு உதறினான். கடிவாளத்தைத் துப்பினான்.

"ஏன் இப்படி இழுக்கிறே?"

"நான் எங்க இழுத்தேன்?" என்றாள் பாத்துமுத்து. "என் கை அசையவே இல்லையே. பழத்தைப் பாருங்க."

கொழுந்தப்பன் பார்த்தான். பழம் இருந்த இடத்தில் இருந்தது.

மூட்டையை இறக்கி வைத்துவிட்டுக் கரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"நான் ஏறின மத்தக் குதிரையெல்லாம் சும்மாதானே இருந்துச்சு?" என்று கேட்டான். குரல் இறங்கியிருந்தது.

"அதுங்க சொல்லிப் பார்த்துட்டு விட்டுடுச்சுங்க. இவ இன்னும் சொல்றா."

எத்தனை குதிரைகள்! ஒவ்வொன்றின் பேரும் அவனுக்கு ஞாபகம் இருந்தது.

அடுத்த நாள் பழம் இல்லாமல் தாழம்பூ மேல் ஏறினான். வாரைத் தொளதொளவென்று விட்டுவிட்டான். ஆளே மாறிவிட்டான் அல்லவா, இனிமேல் குதிரையைத் தொந்தரவு பண்ணுவதே இல்லை! தாழம்பூ எங்கே போவது என்று தெரியாமல் வேலிப்பக்கம் போனது. வெடுக்கென்று வாரைப் பிடித்தான். குதிரை திடுக்கிட்டுத் துள்ளியது. மறுபடி தொங்கவிட்டான்.

"தளபதி" என்றாள் பாத்துமுத்து. "ராத்திரி வீட்டுல பேரப்புள்ளையைத் தூங்க வைக்கிறப்போ கையை எடுத்து எடுத்து வைப்பீங்களா?"

"மாட்டேன். புள்ள முழிச்சுக்கும்."

"அழுத்துவீங்களா?"

"அதுக்கும் முழிச்சுக்கும்."

"அப்புறம் என்ன செய்வீங்க?"

அவன் சொல்ல வாயெடுத்தான். அதற்குள் கை, மூச்சு விடும் ஒரு சின்ன முதுகு அங்கே இருப்பது போல மெல்ல எழுந்து மெல்ல இறங்கியது.

"ஆங்!" என்றாள் பாத்துமுத்து. "அந்தக் கையை ஏன் வீட்டுலேயே வச்சுட்டு வந்தீங்க?"

பிறகு அவன் தினமும் வந்தான். முழங்கையை இளக்கினான். தாழம்பூவின் தலை போன பக்கம் கை போனது, வந்தபோது வந்தது. வார் தொய்யவும் இல்லை, விறைக்கவும் இல்லை. ஒரு நாள் நடந்துகொண்டிருக்கும்போதே தாழம்பூ வாயைத் தளர்த்தி, கடிவாளத்தை நாக்கால் ஒருமுறை உருட்டிப் பார்த்தது. அந்தச் சின்ன அசைவு வார் வழியாக வந்து அவன் விரலைத் தொட்டது. இத்தனை வருஷத்தில் எந்தக் குதிரையும் அவன் கையிடம் பேசியதில்லை. கொழுந்தப்பன் சேணத்தில் உட்கார்ந்தபடியே அழுதான். வெட்கப்படவும் இல்லை.

இறங்கியதும் ஒன்றைக் கேட்டான்.

"ஆசானே, விஜயதசமி அன்னிக்குப் பழம்?"

"அதை நான் உங்ககிட்ட கேட்க நினைச்சேன். நீங்க கேட்டுட்டீங்க" என்று சொல்லிவிட்டு அவள் கொள்ளு புடைக்கப் போய்விட்டாள்.

விஜயதசமி வந்தது. பக்கத்துப் பாளையத்து விருந்தாளிகள் எல்லாரும் வந்திருந்தார்கள். பாளையக்காரர் தன் கையால் கொழுந்தப்பனின் கை மேல் பழத்தை வைத்தார். மேளம் முழங்கியது. பின்னால் பொன்னுக்காளை மீசையைத் தடவிக்கொண்டான்.

தாழம்பூ முதல் அடியை எடுத்தது. கழுத்து நீண்டது. கொழுந்தப்பன் கை நின்ற இடத்திலேயே நின்றது. பழக்கம் லேசில் விடுமா? உடனே தாழம்பூவின் காதுகள் பின்னால் திரும்பின. உதறவில்லை. காத்திருந்தது.

வன்னிமரம் கண்ணுக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. அதுவரைக்கும் கையை இறுக்கிப் பிடித்தால் போதும், முதல் இடம் சாகும்வரை அவனுக்குத்தான்.

தாழம்பூ அடுத்த அடியை எடுத்தது. அவன் முழங்கை இளகியது. கை அதோடு போனது.

பழம் புழுதியில் உருண்டது.

"அடடா!" என்றது கூட்டம். மேளம் நின்றது. கிழவர்கள் சிலர் வாயில் அடித்துக்கொண்டார்கள். கொழுந்தப்பன் யாரையும் பார்க்கவில்லை. குதிரையைத் திருப்பி, தன்னிடம் வேலை பழகிய பையன்களையெல்லாம் தாண்டிக் கடைசியில் போய் நின்றான். முன்னிடத்துக்கு வந்த பொன்னுக்காளையின் கையில் வேறு பழம் ஏறியது. மேளம் மறுபடி தொடங்கியது.

ஊர்வலம் நகர்ந்தது. முன்னால் போன குதிரைகள் மரக்குதிரைகளாகக் கழுத்தை விறைத்துக்கொண்டு போயின. கடைசியில் தாழம்பூ வந்தது. காதை முன்னே நீட்டி, கழுத்தை நீளவிட்டு, பூமியைத் தனக்கென்றே போட்டு வைத்ததுபோல் நடந்து வந்தது. வழியில் நின்ற சனங்கள் முன்வரிசையைப் பார்க்க வந்தவர்கள். பார்த்துவிட்டுப் போயிருக்கலாம். ஒருத்தரும் போகவில்லை. விருந்தாளிகள் எழுந்து நின்றுவிட்டார்கள்.

வன்னிமரத்தடியில் அம்பு போட்டு முடிந்ததும் பாளையக்காரர் முன்னிடத்தைத் தாண்டி, நடந்தே கடைசிக்கு வந்தார். தாழம்பூவின் வாயைத் தொட்டுப் பார்த்தார். தன் தளபதியை நிமிர்ந்து பார்த்தார். கொழுந்தப்பன் அவ்வளவு நிமிர்ந்து அதற்கு முன்னால் உட்கார்ந்ததே இல்லை.

"கொழுந்தப்பா, இத்தனை காலமா விழாத பழம்" என்றார் பாளையக்காரர். அவருக்கு மனசு ஆறவில்லை. "இன்னிக்குப் போய் விழுந்துடுச்சே!"

"விழலை, மகாராஜா" என்றான் கொழுந்தப்பன். "விட்டேன்."