மஞ்சள் கிண்ணம் தலை குனிந்தது ஏன்

பூண்டும் பனியும் வாய் திறந்து பேசிய அந்தக் காலத்தில், மலைமேல் பூக்களின் பேச்சுக்கு மட்டும் அடக்கமே இல்லை. அவற்றில் வாய்த்துடுக்கு அதிகம் இந்த மஞ்சள் பூவுக்கு. இப்போது டாஃபடில் என்கிறோமே, அதுதான். மண்ணுக்குள் வெங்காயம் மாதிரி ஒரு கிழங்கு, மேலே ஆறு இதழ், நடுவில் ஒரு கிண்ணம். அப்போதெல்லாம் அது கழுத்தை நிமிர்த்தி வானத்தைப் பார்த்துத்தான் நிற்கும்.

அந்த மலையில் பூண்டு பயிரிட்டு வந்தவள் வெள்ளைத்தாயி. மகள் காய்ச்சலில் கண் திறக்காமல் கிடந்தபோது, "பிள்ளை பிழைச்சா தைப்பூசம் தவறாம உன் காலடியில புதுப் பூ வைக்கிறேன்" என்று முருகனிடம் நேர்ந்துகொண்டாள். மகள் பிழைத்தாள். அதற்குப் பிறகுதான் அவளுக்கு உறைத்தது, அந்தக் குளிரில் மலையில் என்ன பூ பூக்கும்? ஊரெல்லாம் விசாரித்து, மஞ்சள் கிண்ணம் ஒன்றுதான் பூக்கும் என்று தெரிந்து, ஒரு கிழங்கை வாங்கிவந்து வயலோரம் நட்டாள்.

அது மார்கழி பிறந்ததுமே பூத்துவிட்டது.

"தைப்பூசத்துக்குத்தானடி உன்னைய வரச் சொன்னேன்? அதுக்குள்ள என்ன அவசரம்?"

"முழிப்பு வந்துச்சு, வந்துட்டேன். அதுக்கும் உன்னையக் கேக்கணுமா ஆத்தா?"

குளிரில் பூ வாடாது. ஆனால் உறைபனி கிண்ணத்தில் இறங்கினால் கருகிவிடும். பனியிடம் கெஞ்சிப் பார்த்தாள். "கிண்ணத்தை நீட்டிக்கிட்டு நின்னா ஊத்தத்தான் செய்வேன்" என்றது பனி.

"கொஞ்சம் தலையைக் குனிஞ்சுக்கிட்டா என்னடி?" என்று பூவைக் கேட்டாள்.

"குனியிற வம்சம் இல்ல நாங்க."

வேறு வழியில்லாமல் தினமும் பொழுது சாயும்போது கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அடுப்பில் சோறு பொங்கி வழியும், இவள் பூவுக்குக் கூடை கவிழ்த்துக்கொண்டிருப்பாள். விடிந்தால் மறுபடி ஓடிப்போய் எடுக்க வேண்டும். "வெளிச்சத்தைக் காணோமே" என்று அது உள்ளிருந்து கத்தும். அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளத்தான் தோன்றியது. எப்படியோ பூசம் வந்தது, அந்த வருஷத்து நேர்ச்சையும் முடிந்தது.

தொல்லை அதோடு விட்டதா? பூவைப் பறித்த பிறகு இலைகள் நீண்டு வளர்ந்து வரப்பெல்லாம் புரண்டன. களை வெட்டப் போனால் காலைத் தடுக்கின. பூண்டு முற்றும்போது தாளை மடக்கி விட்டால் சத்தெல்லாம் கிழங்கில் இறங்கும் என்பது வெள்ளைத்தாயியின் கைகண்ட வேலை. அந்த நினைப்பிலேயே பச்சை இலைகளை அள்ளி முறுக்கினாள்.

"தொடாத ஆத்தா! அந்த இலையாலதான் வெயில் குடிக்கிறேன். இப்பக் குடிச்சாத்தான் அடுத்த வருஷம் பூ!"

"பூண்டு வளத்த கைக்கு நீ சொல்லித் தர்றியா? மார்கழி பூராவும் உன் பேச்சைக் கேட்டது போதும்" என்று இறுக்கி முடிச்சுப் போட்டுவிட்டாள்.

மறு வருஷம் மார்கழி வந்தது. நாலு மெலிந்த இலைதான் எட்டிப் பார்த்தது. இந்த முறை அவசரப்பட்டாவது வராதா என்று தவித்தாள். மொட்டே இல்லாத செடிக்கு அந்தியில் கூடை கவிழ்த்தாள். பூசத்தன்று காலையில்கூட இலைகளை விலக்கிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை.

வெறுங்கூடையை முருகன் காலடியில் வைத்துவிட்டு அழுதாள். "என் புத்திதான் கெட்டுப்போச்சு. பிள்ளை மேல எதையும் வச்சிராத சாமி."

வீட்டுக்குப் போகாமல் நேரே வயலுக்கு வந்து செடியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். மண்ணுக்குள்ளிருந்து ஈனமான குரல் வந்தது. "பட்டினி போட்டுட்டியே ஆத்தா."

"தப்புதான். இனிமே தானா மஞ்சளாகிச் சாயற வரைக்கும் உன் இலையைத் தொட மாட்டேன். தடுக்கி விழுந்தாலும் தொட மாட்டேன். ஆனா கூடை தூக்க எனக்குத் தெம்பில்லடி. நீயும் கொஞ்சம் விட்டுக்கொடு."

"சரி, குனியிறேன்" என்றது கிழங்கு. "ஆனா எப்ப முழிக்கணும்னு மட்டும் எனக்கு யாரும் சொல்லக் கூடாது."

அந்த வருஷம் மெலிந்த இலைகள் தேறி நீண்டு வரப்பை அடைத்துக்கொண்டு கிடந்தன. வெள்ளைத்தாயி முணுமுணுத்துக்கொண்டே தாண்டித் தாண்டிப் போனாள். அடுத்த மார்கழி பிறந்ததும் பூ வந்தது. மொட்டு விரியும்போதே கழுத்தை வளைத்துக்கொண்டது. பனி வந்து பார்த்தது, ஊற்ற இடமில்லாமல் முதுகில் வழிந்து போனது. பூசத்தன்று அந்தப் பூவை வைத்தபோது, "முருகனைக் கண்டதும் எப்படிக் குனியுது பாருங்க" என்று கோயிலில் எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பக்தியாவது ஒன்றாவது! வெள்ளைத்தாயி மட்டும் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அந்த வருஷத்திலிருந்துதான் மஞ்சள் கிண்ணம் தலை குனிந்து பூக்கிறது, தோட்டக்காரர்களும் இலை தானாகப் பழுக்கும்வரை எரிச்சலை அடக்கிக்கொண்டு தாண்டிப் போகிறார்கள். அவசரத்தை மட்டும் அது இன்றுவரை விடவில்லை.