கொக்கியில் ஒட்டிய சந்தனம்

“கோச், நேத்துப் பயிற்சியில நான் நினைக்கிறதுக்கு முன்னாடியே சுட்டுட்டேன். ஒரு தடவை இல்ல, பல தடவை.”

“நீங்க சுட்டீங்களா, அது சுட்டுச்சா?”

மங்கையர்க்கரசி என்கிற அரசி கோச்சை ஏற இறங்கப் பார்த்தாள்.

அவள் புதுக்கோட்டையில் வீட்டிலேயே தையல் கடை வைத்திருப்பவள். பிள்ளைகள் வேலைக்குப் போன பிறகு, கூடப் படித்தவர்கள் எல்லாம் கோயில் குளம் என்று கிளம்பும் வயதில், இவள் ஏர் ரைபிள் சுடக் கிளம்பினாள். குரு பர்வீன் அவளைவிட மிகவும் இளையவள். சிஷ்யையை “அக்கா” என்று கூப்பிடும் குரு. மறுநாள் மாநில அணிக்குத் தேர்வு. அரசி வரமாட்டாள் என்று கேள்விப்பட்டு, பர்வீன் வீட்டுக்கே வந்துவிட்டாள்.

“என் கை போச்சு கோச். ஊசியில நூல் கோக்கவே பக்கத்து வீட்டுப் பொண்ணைக் கூப்பிடுறேன். எத்தனை வருஷமா இந்த நாளுக்காகக் காத்திருந்தேன்...” அரசி வலது கையை நீட்டினாள். “ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. என் கை போச்சா, இல்லையா?”

“ரைபிளை எடுத்துட்டு வாங்க.”

துணி வெட்டும் மேசையில் ரைபிள் வந்து படுத்தது. பர்வீன் காற்று சிலிண்டரைக் கழற்றினாள். குழலைச் சுவரோரம் இருந்த வெட்டுத்துணி மூட்டையின் பக்கம் திருப்பினாள். குண்டு வைக்கும் இடத்தைத் திறந்து பார்த்தாள்.

“காலிதான் கோச். நான் பாத்துட்டேன்.”

“நானும் பாக்கணும்ல. இப்ப நீங்க இன்னொரு தடவை பாருங்க.”

அரசி பார்த்தாள். காலிதான்.

பர்வீன் சுடத் தயாராக்குவதுபோல் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் விசையை ஏற்றினாள். ட்ரிகர் பக்கமே விரலைக் கொண்டுபோகாமல், தோளில் அணைக்கும் கட்டையின் பின்புறத்தில் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினாள்.

‘டக்’.

அரசி பயந்து பின்வாங்கினாள். “யாரும் தொடலையே!”

பர்வீன் திருகாணிகளைக் கழற்றிக் கட்டையைத் தனியே எடுத்தாள். “வீட்டுல இவ்வளவுதான் கழட்டலாம். இதுக்கு மேல கழட்டினா அது மெக்கானிக் வேலை.”

அரசி தையல் மெஷின் எண்ணெயை எடுத்து நீட்டினாள். பர்வீன் அதை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, டார்ச்சையும் பூதக்கண்ணாடியையும் அவள் கையில் கொடுத்தாள்.

“உள்ள என்ன தெரியுது?”

இரண்டு சின்ன இரும்புத் துண்டுகள். மேலே ஒரு கொக்கி. அந்தக் கொக்கி வந்து உட்கார வேண்டிய விளிம்பு, தலைமயிர் அகலம்கூட இருக்காது. இரண்டு கையாலும் அமுக்க முடியாத ஸ்பிரிங் ஒன்று அதற்குப் பின்னால் திமிறிக்கொண்டு நிற்க வேண்டும்.

“எல்லாம் இது மேலயா நிக்குது?”

“இது மேலதான்.”

அரசிக்கு உடம்பு சிலிர்த்தது. இத்தனை நாள் இதன்மேலா கன்னத்தை வைத்துச் சுட்டோம்! கண்ணாடியை எடுக்கவே மனம் வரவில்லை.

“விளிம்புல ஏதோ மஞ்சளா காய்ஞ்சிருக்கே, அது என்ன அக்கா?”

அரசி உற்றுப் பார்த்தாள். முகம் மாறியது.

“ஆயுத பூஜைக்கு மெஷினுக்கு வச்சேன், கத்திரிக்கு வச்சேன். இதுக்கு மட்டும் வைக்காம விடலாமா? ட்ரிகர்தானே முக்கியம்னு நல்லாக் குழைச்சு வச்சேன்.”

பர்வீன் சிரித்துவிட்டாள். “அது உள்ள வழிஞ்சு காய்ஞ்சிருக்கு. கொக்கி பாதிதான் உக்காருது. எடுத்துருங்க.”

“நானா?”

“உங்க சந்தனம்தானே?”

ஒரு பல்குச்சியைக் கொடுத்தாள். “பக்கத்துல இருக்கிற சின்னத் திருகாணியைத் தொட்டுடாதீங்க. அது இம்மி நகர்ந்தாலும் நாளைக்குப் போட்டி கிடையாது.”

அரசி மூச்சை அடக்கிக்கொண்டாள். குச்சியின் நுனி உள்ளே போனது. ஒரு துகளோடு வந்தது. மறுபடி போனது, மறுபடி வந்தது. தெருவில் தண்ணீர் லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது அவளுக்குக் கேட்கவில்லை. கடைசியில் லைனிங் துணியில் ஒரு துண்டு கிழித்து விளிம்பைத் துடைத்தாள். திருகாணி இருந்த இடத்திலேயே இருந்தது.

துகள்களை உள்ளங்கையில் வாங்கிய பர்வீன், சாமிக்கு வைத்தது என்று வாசலில் இருந்த பூந்தொட்டியில் போட்டுவிட்டு வந்தாள். கட்டையைப் பூட்டினாள். விசையை ஏற்றித் தட்டினாள். இன்னும் பலமாகத் தட்டினாள். சத்தமே வரவில்லை. மூட்டையைக் குறிவைத்து ட்ரிகரை இழுத்தாள். அப்போதுதான் ‘டக்’ என்றது.

அரசி தன்னை அறியாமல் கும்பிட்டாள். பிறகுதான் நினைவு வந்தது.

“ரைபிள் சரியாயிருச்சு கோச். ஆனா நான் கேட்டதுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லலையே. என் கை?”

பர்வீன் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

“அந்தச் சந்தனத்தை எந்தக் கையால எடுத்தீங்க அக்கா?”