சோழி நிறையவா, பொத்தான் நிறையவா?

"என் பிள்ளை மக்குதானா, டீச்சர்?"

பாலர் பள்ளி விட்டு மற்றக் குழந்தைகள் வீட்டுக்குப் போனதும் பொற்கொடி இதைக் கேட்டாள். அவள் அங்கே புதிதாகச் சேர்ந்த உதவி ஆசிரியை. மகன் அகிலனும் அதே பள்ளியில்தான் படிக்கிறான்.

எஸ்தர் டீச்சர் வயதில் அவளைவிடச் சின்னவள், வேலையில் மூத்தவள். பேச்சு அளவாகத்தான் வரும்.

"எதை வச்சுச் சொல்றீங்க?"

"பொத்தான் ஒரு வரிசை, சோழி ஒரு வரிசை. எதிரெதிரே வச்சு, ரெண்டும் சமமான்னு கேட்டா, சமம்ங்கிறான். அவன் கண்ணு முன்னாடியே சோழியை மட்டும் தள்ளித் தள்ளி வச்சு மறுபடி கேட்டா, சோழிதான் நிறையங்கிறான். தினமும் இதே கதை. ஒண்ணாம் வகுப்புக்கு அனுப்பாதே, இன்னும் ஒரு வருஷம் இங்கேயே கிடக்கட்டும்னு இவன் அப்பா முடிவே பண்ணிட்டாரு."

பொற்கொடி அடுத்தவர் பிள்ளை என்றால் ஆயிரம் சமாதானம் சொல்லக்கூடியவள்தான். தன் பிள்ளைக்கு ஒன்றுகூட உதவவில்லை.

எஸ்தர் ஒரு குரங்குப் பொம்மையைக் கையில் மாட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். அகிலனைக் கூப்பிட்டாள்.

"உனக்குப் பொத்தான், எனக்குச் சோழி. சமமா எடுத்துக்குவோமா?"

அவன் ஒன்றுக்கு ஒன்றாக அடுக்கினான். "சமமாயிடுச்சு" என்றான்.

குரங்கு பாய்ந்து வந்தது. சோழிகளைத் தாறுமாறாக இழுத்துப் பரப்பியது.

"ஐ! டீச்சருக்கு நிறைய ஆயிடுச்சே!" என்று குதித்தது.

அகிலனுக்கு வந்ததே கோபம்!

"ஏய் மக்குக் குரங்கே! நீ எங்க புதுசாப் போட்ட? தள்ளித்தானே வச்ச? அப்பவும் சமம்தான், இப்பவும் சமம்தான்!"

பொற்கொடி அப்படியே சுவரில் சாய்ந்தாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அப்பாடா என்று இருந்தது. இவன் அப்பா வரட்டும், பேசிக்கொள்கிறேன் என்றும் இருந்தது.

கண்ணைத் துடைத்த பிறகுதான் சந்தேகம் முளைத்தது.

"அப்ப என்கிட்ட மட்டும் ஏன் மாத்திச் சொன்னான், டீச்சர்?"

எஸ்தர் பொம்மையைக் கழற்றி வைத்தாள்.

"சாப்பிட்டீங்களா, பொற்கொடி?"

"ஆச்சு, டீச்சர்."

எஸ்தர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாப்பிட்டீங்களா?"

பொற்கொடி சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள்.

"சாப்பிடலைன்னுதான் சொல்லணும். தயிர்சாதம்தான். அதெல்லாம் ஒரு சாப்பாடா?"

"பசிக்குதா?"

"சேச்சே, வயிறு நிறைஞ்சிருக்கு."

"அப்புறம் ஏன் மாத்திச் சொன்னீங்க?"

"நீங்கதான் மறுபடியும் கேட்டீங்களே, டீச்சர். மொதல்ல சொன்னது தப்போன்னு நெனச்சு…"

பொற்கொடி வாயைப் பொத்திக்கொண்டு மகனைத் திரும்பிப் பார்த்தாள்.