குரங்குக்கு உரித்த பழம்

மலையடிவார ஆசிரமத்தில் குரு உமையாளுக்கு நாற்பது வயது. சீடர் குற்றாலிங்கத்துக்கு அறுபத்திரண்டு; ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ஒரு பள்ளிக்கூடத்தையே அதட்டி வைத்திருந்த மனிதர், கடைசியில் ஒரு குரங்கிடம் மசிந்துபோனார்.

மரத்திலிருந்து விழுந்து வலது கை முறிந்த பெண் குரங்கு அது. வனத்துறை மருத்துவர் கட்டுப் போட்டு, ஆசிரமத்துக் கூண்டில் விட்டுப் போனார். பார்த்துக்கொள்ளும் பொறுப்பைக் குரு சீடரிடம் கொடுத்தார்.

"மூணே விஷயம், சார். பேர் வைக்காதீங்க. பேச்சுக் கொடுக்காதீங்க. கையால ஊட்டாதீங்க. தீனியை வைக்கோலுக்குள்ள ஒளிச்சு வைங்க, அது தேடித் தின்னட்டும்."

"சரிம்மா" என்றார் குற்றாலிங்கம். நாலாம் நாளே வள்ளி என்று பேர் வைத்துவிட்டார். கை முடியாத பிள்ளையாயிற்றே என்று, குரு பார்க்காத நேரத்தில் வாழைப்பழம் உரித்து ஊட்டினார்.

இரண்டு மாதத்தில் எலும்பு கூடிவிட்டது. கூண்டைத் திறந்தார்கள். எதிரே புளியமரம் நிறையக் குரங்குகள். வள்ளி அங்கே போகவில்லை. குற்றாலிங்கத்தின் காலடியில் உட்கார்ந்து கையை நீட்டியது.

அவருக்குப் பெருமை தாங்கவில்லை. "பாத்தீங்களாம்மா, என்னை விட்டுப் போகமாட்டேங்குது!"

குரு உரிக்காத பழம் ஒன்றை அதன் முன் வைத்தார். வள்ளி பழத்தைப் பார்த்தது. குற்றாலிங்கத்தைப் பார்த்தது. தொடாமல் காத்திருந்தது.

குற்றாலிங்கத்துக்கு முகம் சுண்டிவிட்டது.

"காட்டுல இது எப்படிம்மா பிழைக்கும்?"

"அதைத்தான் நானும் கேக்கலாம்னு இருந்தேன்."

"இப்ப நான் என்ன செய்யணும்?"

"உரிக்காம இருங்க."

மறுபடியும் கூண்டு. முதல் நாள் வள்ளி கத்தித் தீர்த்தது. இரண்டாம் நாள் பழத்தை அவர்மேலேயே வீசியது. அவர் கைகளைத் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் அது தோலோடு கடித்து விழுங்கியது. அவருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அப்புறம் ஒரு மாதம் முகம் காட்டாமல், வாய் திறக்காமல், வைக்கோலில் தீனியை ஒளித்துவிட்டு வந்தார்.

இந்த முறை கதவைத் திறந்ததும் வள்ளி ஒரே ஓட்டமாகப் புளியமரத்தில் ஏறியது. மனசு கேட்காமல் அவர் கிட்டே போனார். அது பல்லைக் காட்டிச் சீறியது. சற்று நேரத்தில் கூட்டம் கிளம்பி மலையேறியது. நடுவில் வள்ளியும் இருந்தது.

"ஒரு தடவைகூடத் திரும்பிப் பாக்கலையேம்மா."

"பாத்திருந்தா, உங்க வைத்தியம் பலிக்கலைன்னுல்ல ஆயிருக்கும், சார்."