ஓணான் இன்னொரு தடவை பார்த்தது

விலங்குகளுக்குப் பேச்சும், பேச்சினால் வரும் தலைவலியும் இருந்த அந்தக் காலத்தில், தென்கடலோரப் பாறை ஒன்றில் செந்தலையன் என்ற ஓணானும் அதன் மனைவி கொடிச்சியும் வாழ்ந்தன. கொடிச்சியின் வயிற்றில் பன்னிரண்டு முட்டைகள். ஒன்று குழி தோண்டினால் மற்றது காகம் வராமல் காவல் நிற்க வேண்டும். செந்தலையனுக்கோ வேறு யோசனை.

“இங்கே குழி வேண்டாம். உலகம் பாய் விரிச்ச மாதிரி தட்டை. சூரியன் எங்கேயும் இறங்கலை. தூரம் போய்ச் சின்னதாகுது, அவ்வளவுதான். கரையோரமா அது பின்னாலேயே ஓடினா முட்டைக்கு ராவெல்லாம் வெயில்.”

“இந்த வயித்தோட நான் ஓடணுமா?”

“அந்தத் தாழம்புதர் வரிசையைப் பாரு. கடைசிப் புதர் கடுகு மாதிரி இல்லே?”

“நாரைகூடத்தான் தூரம் போனா கடுகாகுது. முதல்ல கால், அப்புறம் வயிறு, அப்புறம் தலைன்னு அறுபட்டா போகுது? சூரியன் அதே பருமன்ல நிக்குது, அடிப்பக்கம் மட்டும் காணோம். உலகத்துக்கு முதுகு வளைஞ்சிருக்கு. அது அந்தப் பக்கம் இறங்குது.”

“வளைஞ்சிருந்தா நாம உருண்டு விழமாட்டோமா?”

“பூசணிக்காய் மேல எறும்பு விழுதா?”

ஒன்பது மாலைகள் இதே பேச்சு. ஒவ்வொரு மாலையும் செந்தலையன் தோற்றது. விடிந்ததும் தோற்றதை மறந்துவிட்டு எழுந்தது.

பத்தாம் மாலை கொடிச்சிக்கு வலி கண்டது.

“கடைசியாச் சொல்றேன். தாடையைப் பாறையில வச்சுப் படுங்க. சூரியன் முழுசா மறைஞ்சதும் முன்னங்காலை ஊன்றி எழுந்திருங்க. தூரம் போய்ச் சின்னதாகியிருந்தா, நீங்க எழுந்ததுக்கு அது திரும்பி வராது. வளைவுக்குப் பின்னால இருந்தா, எட்டிப் பார்க்கிறவன் கண்ணுக்குத் தெரியும். தெரிஞ்சா வந்து காவல் நில்லுங்க.”

செந்தலையன் படுத்தது. சூரியன் மறைந்தது. ஓணான் சட்டென்று எழுந்தது. கடல்மேல் நூலளவு சிவப்பு.

“தெரியுதா?”

“தெரியுது.” கொஞ்சம் யோசித்தது. “ஒரு தடவை பார்த்ததை வச்சு என்ன சொல்றது? இன்னொரு தடவை பார்க்கிறேன்.”

தாழ்ந்து எழுவதற்குள் சிவப்பு போய்விட்டது.

“பாத்தியா, இப்ப வரலை.”

கொடிச்சி பாறைக்குக் கீழே இறங்கித் தனியாகத் தோண்டியது. முட்டையிட்டுக்கொண்டிருந்தபோது ஒரே ஒரு முறை குரல் கொடுத்தது: “காகம் வருது.”

“இரு, நான் சரியா எழலை. இதோ, ஒரே தடவை.”

காகம் இரண்டு முட்டைகளைக் கொத்திக்கொண்டு போயிற்று. மீதிப் பத்தையும் கொடிச்சி மண்ணால் மூடி, தலையால் தட்டித் தட்டி இறுக்கி, மேலே சருகு இழுத்துப் போட்டது. பிறகு முள்வேலிக்குள் நுழைந்து போய்விட்டது.

அன்று தொட்டுத்தான் பெண் ஓணான் தன் முட்டைகளைத் தனியே புதைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் போகிறது. ஆண் ஓணான் வேலியிலும் மதிலிலும் நின்று, தாழ்ந்து தாழ்ந்து எழுந்து, இன்னும் சரிபார்த்துக்கொண்டிருக்கிறது.