சும்மாக் கொட்டாய் முறுக்கு

கண்ணை மூடிக்கோ. இந்தக் கதையில ஒரு சிரிப்பு இருக்கு, ஆனா அது கடைசியிலதான். நடுவுல கேட்டா கிடைக்காது. அதுவரைக்கும் வயித்துக்குள்ள புடிச்சு வச்சுக்கிட்டு, ம் மட்டும் சொல்லிட்டு வா.

ஒரு ஊர்ல ஒரு கொட்டாய். கீத்து வேஞ்ச பெரிய மாட்டுக் கொட்டாய். அங்க பால் வத்துன மாடு நாலு, முட்டை நின்னுபோன கோழி முப்பது, செங்கச் சூளையில மண்ணு சுமந்து முதுகு வளைஞ்ச கழுதை ஒண்ணு. கறிக்குப் போற வண்டியில இருந்து இறக்குனது, வேண்டாம்னு ரோட்டோரம் விட்டுட்டுப் போனது, எல்லாம் அங்கதான். மாடு சும்மா நிக்கும், கோழி சும்மா கொத்தும், கழுதை சும்மா பாக்கும். அதுங்களுக்குச் சாணி அள்ளி, புல்லு போட்டு, புண்ணுக்கு மருந்து தடவ வர்றவங்களும் சம்பளம் இல்லாம சும்மாவே வருவாங்க. அதனால ஊரே அதைச் சும்மாக் கொட்டாய்னு கூப்பிட்டுச்சு. ம்?

அதை நடத்துனவ செங்கமலம். ஆஸ்பத்திரியில ஆயாவா இருந்து ரிட்டையர் ஆனவ. அவளுக்கு ஒரு கெட்ட பழக்கம், யாரு குரல்ல வேணும்னாலும் பேசுவா. பஸ்ஸுக்குள்ள உக்காந்துகிட்டு கண்டக்டர் குரல்ல ரைட்டுன்னு சொல்லி, கண்டக்டரையே டீக்கடையில விட்டுட்டு பஸ்ஸைக் கெளப்பிவிட்டவ. இதுவா சிரிப்புன்னு கேக்காதே. இது இல்லை.

அவ வளத்த கிடா ஒண்ணு. வெள்ளை வெளேர்னு இருக்கும், கொம்பு மட்டும் முறுக்கு மாதிரி சுத்தியிருக்கும். பேரும் முறுக்குதான். குட்டியில பாழுங்கெணத்துல விழுந்து கத்திட்டுக் கெடந்ததை, இடுப்புல கயித்தைக் கட்டி இறங்கி அவதான் தூக்கிட்டு வந்தா. அவ எங்க போனாலும் பின்னாடியே டக்கு டக்கு டக்குன்னு போகும்.

அப்புறம் ஒருநாள் பேச்சிமுத்துன்னு ஒருத்தர் வந்தாரு. நல்ல மனுஷன், அதிர்ந்துகூடப் பேசமாட்டாரு. முறுக்கோட காதைத் தொட்டுப் பாத்தாரு. நுனியில ஒரு வெட்டு. அது அவர் வீட்டுக் குட்டியாம். மக காய்ச்சல்ல கெடந்தப்போ கருப்பசாமிக்கு நேந்து, அடையாளத்துக்குக் காதை வெட்டிவிட்டதாம். மக பொழைச்சுட்டா, காணாமப்போன குட்டியும் பொழைச்சு நிக்குது, அடுத்த வெள்ளிக்கிழமை கோயில் கொடைத் திருவிழாவுல வெட்டணுமாம்.

"நேந்தது நேந்ததுதானேக்கா"ன்னாரு. சொல்லிட்டு அவரே தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு.

கறி வண்டிக்காரனா இருந்தா செங்கமலம் மல்லுக்கு நிப்பா. கருப்பசாமிகிட்ட யாரு மல்லுக்கு நிக்கிறது?

ஆனா ஒரு வழி இருந்துச்சு. வெட்டுறதுக்கு முன்னாடி பூசாரி கிடா மேல மஞ்சத் தண்ணி தெளிப்பாரு. கிடா உடம்பைச் சிலுப்புனா சாமி சம்மதம் குடுத்தாச்சு. மூணு தரம் தெளிச்சும் சிலுப்பலைன்னா சாமிக்கு வேண்டாம்னு அர்த்தம், கிடா தப்பிச்சுது. அப்போ முறுக்கு சிலுப்பவே கூடாது. மேல தண்ணி பட்டா சிலுப்பாத ஆடு உண்டா, நீயே சொல்லு. ம்.

முதல்ல சலூன்காரர் ராசப்பன் வந்தாரு. அவரு தெனமும் முடிவெட்டப் போறதுக்கு முன்னாடி கொட்டாய்ல சாணி அள்ளுறவரு. பழக்கிட்டாப் போச்சுன்னு, தலைக்குத் தண்ணி அடிக்கிற பாட்டிலைக் கொண்டாந்து புஸ்ஸு புஸ்ஸுன்னு அடிச்சாரு. முறுக்கு படபடபடன்னு சிலுப்புச்சு. மூணு நாள் அடிச்சாரு. நாலாம் நாள் தண்ணியே வேண்டாம், ராசப்பன் வாசல்ல வந்து நின்னாலே படபடபட.

அப்புறம் தையக்கார சுல்தானா வந்தா. கோழிங்களைப் பாத்துக்கிறது அவதான். எண்ணெய் தடவினா தண்ணி வழுக்கிட்டு ஓடிரும்னு, தலையில இருந்து வால் வரைக்கும் தேங்காயெண்ணெய் தேச்சா. தண்ணி ஓடுச்சு. ஓடி நேரா காதுக்குள்ள போச்சு. படபடபட. மாடு, கோழி, கழுதை, சுல்தானா, எல்லாருக்கும் எண்ணெய்க் குளியல்.

அப்புறம் செங்கமலம் யோசிச்சா. தாயாடு கூப்பிடுற மாதிரி, தொண்டைக்குள்ள இருந்து ம்ஹ்ஹேன்னு ஒரு சத்தம் குடுத்தா. முறுக்கு காதைத் தூக்கிட்டு அப்படியே நின்னுச்சு. தண்ணி தெளிச்சா. சிலுப்பலை. இன்னொரு தரம் தெளிச்சா. படபடபட. ஒரு தரம் நிக்குது, ஒரு தரம் சிலுப்புது. அதுக்குள்ள வெள்ளிக்கிழமை வந்துருச்சு. தூங்கிட்டியா? ம்.

உச்சி வெயில். டண்டணக்க டண்டணக்கன்னு மேளம். ராசப்பனைப் பாத்தாலே முறுக்கு சிலுப்பும்னு, கொட்டாய்க்காரங்க அவரைக் கோயில் பக்கமே வரக்கூடாதுன்னுட்டாங்க. முறுக்குக்கு மாலை போட்டு, பேச்சிமுத்து கயித்தைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறாரு. பக்கத்துல அருவா. பூசாரி சின்னாண்டி சொம்பை எடுத்தாரு. மேளம் நின்னுச்சு. ஊரே மூச்சை அடக்குச்சு.

செங்கமலம் முந்தானையால மூஞ்சியை மூடிக்கிட்டா. பூசாரி சொம்புக்குள்ள கையை விட்டு, விசுக்குன்னு ஒரு வீசு. இவ ம்ஹ்ஹே. முறுக்கு அசையலை.

ரெண்டாவது வீசு. ம்ஹ்ஹே. காது மட்டும் லேசா ஆடுச்சு. முறுக்கு நின்னது நின்னபடி.

மூணாவது வீசு. இந்தத் தரம் அவ சத்தம் பாதிதான் வந்துச்சு. முறுக்கு கழுத்து மாலையில ஒரு பூவைக் கடிச்சு மென்னுச்சு. அவ்வளவுதான்.

"கருப்பன் வேண்டாங்கிறான், அவுத்து விடுங்கப்பா"ன்னாரு பூசாரி. பொம்பளைங்க குலவை போட்டாங்க. சர்க்கரைப் பொங்கல் போதும்னு அடுப்பை மூட்டுனாங்க. செங்கமலம் அங்கயே தரையில உக்காந்துட்டா. எட்டு நாளா அடைச்சிருந்த மூச்சு அப்பத்தான் உஸ்ஸுன்னு வெளிய வந்துச்சு.

மூச்சு வந்ததும் பின்னாடியே பயமும் வந்துச்சு. சாமியையே ஏமாத்திட்டமேன்னு. கூட்டம் பொங்கலுக்குக் கலைஞ்சதும், பூசாரிகிட்டப் போனா. கத்துனது நான்தாண்ணே, சாமி குத்தம் எனக்கு வரட்டும், கிடாய்க்கு வேண்டாம்னு அழுதுட்டா.

பூசாரி மீசையைத் தடவுனாரு. "அது ஆடா தாயி? எவனோ எருமையைக் கோயிலுக்குள்ள ஓட்டிட்டு வந்துட்டான்னுல்ல நெனச்சேன்."

செங்கமலத்துக்கு ரோஷம் வந்துருச்சு. எருமைச் சத்தத்துக்கா ஒரு கிடா மூணு கைத் தண்ணிக்கு அசையாம நிக்கும்னு, முறுக்கு முதுகுல ஓங்கி ஒரு தட்டுத் தட்டுனா.

பொஃப்.

தூசி பறந்துச்சு. குனிஞ்சு பாத்தா. வெள்ளை முதுகு வெள்ளையாவே இருக்கு. மூணு தரம் மஞ்சத் தண்ணி தெளிச்ச முதுகுல ஒரு மஞ்சப் பொட்டு இல்லை.

கயித்தைச் சுருட்டிக்கிட்டு அங்கயே நின்ன பேச்சிமுத்துவைப் பாத்தா. அவரு இருமிக்கிட்டே பூசாரியைப் பாத்தாரு. அப்புறம் ரெண்டு பேரும் சேந்து வேப்பமரத்தைப் பாத்தாங்க. செங்கமலம் பூசாரி கையில இருந்த சொம்பைப் புடுங்கித் தலைகீழாக் கவுத்தா.

உள்ள இருந்து ஒரே ஒரு எறும்பு விழுந்துச்சு.

கதை கிடாயோட கொட்டாய்க்குப் போயிருச்சு, நீ தூக்கத்துக்குப் போ.